நாற்பது ஏ பிளஸ்

எங்கள் தெரு கரமனையில், ஆற்றுக்கு இரண்டு வளைவு தள்ளி இருக்கிறது. தெரு முனையில் ஒரு மின்கம்பம், அதையொட்டி ஒரு மதில். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றே அந்த மதிலில் பிள்ளைகளின் முகம் போட்ட ஃபிளெக்ஸ் பலகை ஏறிவிட வேண்டும். பத்துப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்களுக்குத்தான் முகம். இங்கே மலையாளிகள் அதை ‘ஃபுல் ஏ பிளஸ்’ என்பார்கள். ஒன்பது வாங்கினால் வீட்டில் பாயசம் உண்டு, மதிலில் இடமில்லை.

போன வருடம் எங்கள் பலகை இரண்டு நாள் தாமதமாக வந்தது. முடிவு வெளியாகும் நாளில் நகரத்திலுள்ள எல்லா அச்சகங்களிலும் கூட்டம். பக்கத்துத் தெருக்காரர்கள் எப்படியோ அன்று மாலையே கட்டிவிட்டார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், அக்ரஹாரத்தில் பிறந்து வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர், பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “ரெண்டு நாள் கழிச்சு வச்சா அது வாழ்த்து இல்லை ஓய், பழைய பேப்பர்.” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்போதைய செயலாளருக்கு. இந்த வருடம் செயலாளர் நான்.

இந்த வருடம் தெருவில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் நான்கு பேர். மூன்று பெண்கள், ஒரு பையன். ஒரே பள்ளி, ஒரே ஆட்டோ. அதில் ஒருத்தி என் மகள். நான்கு பேருக்கும் பத்துப் பாடம், ஆக மொத்தம் நாற்பது ஏ பிளஸ் என்று முதலில் சொன்னது எதிர்வீட்டுப் பெண். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கும் ‘நாற்பது’ என்றே பெயர் வைத்தார்கள். மார்ச்சில் பரீட்சை தொடங்கியதும் அது ஒரு விளையாட்டாக மாறியது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் பள்ளி வாசலில் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு நால்வரும் விடைகளை ஒத்துப் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்றால் ஆட்டோவில் ஏறி எண்ணிக்கையைக் கூவுவார்கள். முதல் நாள் நான்கு, அடுத்த பரீட்சைக்கு எட்டு. ஓட்டுநரும் கூடச் சேர்ந்து கூவுவார். ஆட்டோ தெருவுக்குள் திரும்பும்போதே “பந்த்ரண்டு!” என்று சத்தம் கேட்கும். நாங்கள் வாசலுக்கு வந்து கைதட்டுவோம். நானும் தட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன்.

பிள்ளையைப் படி படி என்று விரட்டுகிற அப்பன் நான் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. மகனின் செல்பேசியைப் பூட்டி வைப்பவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொல்பவர்கள். அவர்கள் பேசும்போது நான் உள்ளுக்குள் தலையாட்டிக்கொள்வேன், நம் வீட்டில் அதெல்லாம் கிடையாது என்று. நான் மகளைத் திட்டியதில்லை. அவளை முழுக்க நம்பினேன். நம்புகிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

இயற்பியல் பரீட்சை அன்று அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளி வாசலுக்கே போனேன். கையில் எலுமிச்சை சோடா. அவள் வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே, “இதுவும் நம்ம பையிலதானே?” என்று கேட்டேன். “ஆமாப்பா” என்றாள். மற்ற மூன்று பேரும், இரண்டு தாய்மார்களும் பக்கத்தில் நின்றார்கள். ஆட்டோவில் ஏறி இருபத்திநாலு என்று கூவினார்கள். அவள் சோடாவைப் பாதி குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அதை நான்தான் குடித்து முடித்தேன்.

ஏப்ரல் கடைசியில், முடிவு வருவதற்குப் பத்து நாளைக்கு மேல் இருக்கும்போது, நான்கு வீடுகளிலும் புகைப்படம் வாங்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவின் பின்பக்கம் உள்ள ஓர் அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் தென்காசிப் பக்கத்து ஆள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“நெறைய பேரு முன்னாலயே அடிச்சு வச்சிக்கிடுவாங்க அண்ணாச்சி. அன்னைக்கு இங்க நிக்க எடம் இருக்காது. ஒண்ணு ரெண்டு மாறிச்சின்னா மேல ஸ்டிக்கர் ஒட்டிரலாம்.”

“ஸ்டிக்கருக்கு வேலை வராது” என்றேன்.

நான்கு முகங்கள், மேலே பெரிய எழுத்தில் மலையாளத்தில் ‘நம் தெருவுக்கு நாற்பது ஏ பிளஸ்’, கீழே சங்கத்தின் பெயர். சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி, எங்கள் படுக்கையறை பீரோவின் மேல் வைத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரையும் அசத்த வேண்டும் என்று எண்ணம்.

அதற்குள் தம்பானூரில் நுழைவுத்தேர்வுக்கான அடிப்படை வகுப்பு தொடங்கியிருந்தது. நால்வரும் அதிலும் சேர்ந்திருந்தார்கள். பத்தாம் வகுப்பு முடிவே வரவில்லை, அதற்குள் மருத்துவத்துக்குப் படிப்பா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்தார்கள், நாங்களும் சேர்த்தோம். பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்குத் தானாகவே குறுஞ்செய்தி வரும் என்று சேரும்போதே பெருமையாகச் சொன்னார்கள்.

அந்தக் குறுஞ்செய்தி முடிவுக்கு நான்கு நாள் முன்பு, காலை பத்தரைக்கு, நான் அலுவலகத்தில் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை. காலையில் எட்டரைக்கு நான்தான் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன்.

அவளுடைய செல்பேசி அணைந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணை அழைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, “அங்கிள், அவளுக்கு வயிறு வேதனைன்னு பறஞ்சா. ஸ்டாண்டில எறங்கினதும் வீட்டுக்குத் திரிச்சுப் போயல்லோ” என்றாள். வீட்டில் அவள் இருந்தால் மனைவி என்னை அழைத்திருப்பாள். அழைக்கவில்லை. நானும் மனைவியை அழைக்கவில்லை. அழைத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அலுவலகத்தின் மாடிப்படியில் நின்றேன். அப்போது நான் நினைத்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. மே மாதம் செய்தித்தாள் படிக்கிற பெற்றோருக்கு அவை தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலையில் அவள் என்ன நிறத்தில் சுடிதார் போட்டிருந்தாள் என்று யோசித்தேன். காவல் நிலையத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்று தோன்றியது. எனக்கு நினைவு வரவில்லை. பச்சையா, நீலமா? தலையில் பூ இருந்ததா? பேருந்துப் படியில் ஏறி அவள் கையசைத்தது நினைவிருக்கிறது. கைக்குக் கீழே என்ன நிறம் என்பது நினைவில்லை.

இருபது நிமிடம் கழித்து ஓர் அழைப்பு வந்தது.

“அண்ணாச்சி, பதறாதீங்க. ஒங்க பாப்பா இங்க கடையிலதான் இருக்கு.”

“எந்தக் கடை?”

“பலகை அடிச்ச கடைதான். நல்லாத்தான் இருக்கு, ஜூஸ் வாங்கிக் கொடுத்திருக்கேன். ஆனா அது கேக்கற விஷயத்தை ஒங்ககிட்ட கேக்காம நான் செய்யக்கூடாதுல்ல?”

ஆட்டோவில் போய் இறங்கினேன். அச்சகத்தின் முன்பகுதி சின்னதாக இருக்கும். ஒரு கணினி, அதன் முன்னால் வடிவமைக்கும் பெண், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. முக்காலியில் என் மகள். மஞ்சள் சுடிதார். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேலே கணினித் திரை. திரையில் எங்கள் தெருவின் பலகை, மூன்று முகங்களோடு. மூன்றும் ஒரே இடைவெளியில், நடுவில் எதிர்வீட்டுப் பெண். நான்காவது முகம் இருந்த இடம் தெரியாதபடி சரிசெய்திருந்தார்கள். மேலே நாற்பது என்று இருந்த இடத்தில் முப்பது.

முப்பத்தொன்பது இல்லை, முப்பது. தன் முகத்தோடு தன் பத்துப் பாடத்தையும் எடுத்துவிட்டிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்து எழுந்து நின்றாள். அழவில்லை. கையில் பழச்சாறு தம்ளர் இருந்ததால் அதை எங்கே வைப்பது என்று தேடினாள்.

“ஒரு சாமான் எடுக்க ஏறினேன்பா. கொடை தேடினேன். பலகை பீரோ மேல இருந்தது” என்றாள். “அடியில கடை பேரும் நம்பரும் சின்னதா போட்டிருந்தது.”

அச்சகக்காரர் வடிவமைக்கும் பெண்ணைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, தானும் அச்சு இயந்திரத்தின் பக்கம் போய் எதையோ துடைக்க ஆரம்பித்தார்.

“மக்ளே, எதுக்கு?” என்றேன்.

“ஃபிசிக்ஸ். கடைசிப் பக்கம் நான் எழுதவே இல்ல. முதல்ல ஒரு கணக்கு வரல. அப்புறம் கை அங்ஙனெ நின்னு போச்சு. பெல் அடிக்கற வரைக்கும் பேனாவப் பிடிச்சிட்டு இருந்தேன்.”

“ஆமான்னு சொன்னியே. வாசல்ல.”

“நீங்க ஆமாவான்னு கேக்கலியேப்பா. நம்ம பையிலதானேன்னு கேட்டீங்க.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க ஒரு தடவை திட்டியிருந்தாக்கூட சொல்லியிருப்பேன். நீங்க சிரிச்சிட்டே நின்னீங்க. கையில சோடா வேற.”

நண்பர்களோடு விடையை ஒத்துப் பார்த்தபோதும் அவள் கடைசிப் பக்கத்துக்கு வாயால் விடை சொல்லியிருக்கிறாள். அவர்கள் சொன்ன விடையையே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அதன்பின் நான்கு பரீட்சைக்கும் ஆட்டோவில் எண்ணிக்கையைக் கூவியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழித்து மனதுக்குள் வேறொரு எண் சொல்லிக்கொண்டதாகச் சொன்னாள். கடைசி நாள் தெருவே நாற்பது என்று கைதட்டியபோது அவளுக்கு முப்பத்தொன்பது.

“இதை மாத்தி அடிச்சு என்ன பண்ணப்போறே?”

“பழையதை எடுத்துட்டு அதே வேட்டியில இதை சுத்தி வச்சிரலாம்னு. நீங்க அன்னைக்கு விரிப்பீங்கல்ல, அப்போ தெரிஞ்சிரும். நான் சொல்ல வேண்டி வராது.”

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து எல்லோர் முன்னாலும், தலைவர் பக்கத்தில் நிற்க, நான் அந்தச் சுருளை விரித்திருப்பேன். விரித்துக்கொண்டே அவள் முகத்தைத் தேடியிருப்பேன்.

அச்சகக்காரர் இயந்திரத்தின் பின்னாலிருந்து, “அண்ணாச்சி, அன்னைக்கு ஸ்டிக்கர்னு நான் சொன்னது தப்பு” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

சாலைக் கடைத்தெரு வழியாகக் கிழக்கே நடந்தோம். மசாலாக் கடை, பித்தளைப் பாத்திரக் கடை, மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகள். நெரிசலில் அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பிடிப்பதுபோல. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் விட்டுவிடுவாளோ என்று.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். மகளை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்து, அவள் குளிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“ரிசல்ட்டு வர முன்னாடி பிள்ளைக்க மூஞ்சிய அடிச்சு பீரோ மேல கேத்தி வச்சிருக்கியளே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

“நல்ல எண்ணத்துலதான்…”

“நல்ல எண்ணமாம். அந்தப் பீரோக்க அடியிலதானே அவ தினமும் தல சீவுகா.”

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. கண்ணாடி அந்தப் பீரோவின் கதவில்தான் இருக்கிறது.

நண்பர்களிடம் தானே சொல்லிவிடுகிறேன் என்றாள் மகள். முடிவுக்கு முந்தின நாள் குழுவில் குரல்பதிவு அனுப்பினாள். அடுத்த அறையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். பையனிடமிருந்து ஒரு கைகூப்பிய படம் மட்டும் வந்ததாம். இன்னொரு பெண் அழைத்து, எனக்குக் கணக்கு போய்விட்டது, நானும் பொய்தான் சொன்னேன் என்று ஒரு மணி நேரம் அழுதாள். எதிர்வீட்டுப் பெண் பதில் போடவில்லை. சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்து, “எடீ துஷ்டே, எங்கிட்ட மாத்ரமாச்சும் பறயலாமில்லே?” என்று என் மகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு இருவரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே சிரிப்பா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை.

முடிவு பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்து நாலு மணிக்குத்தான் திறந்தது. என் மகளுக்கு ஒன்பது ஏ பிளஸ், இயற்பியலில் ஏ. ஒரு மணி நேரம் அழுத பெண்ணுக்குப் பத்தும் ஏ பிளஸ், மற்ற இருவருக்கும் அப்படியே.

எதிர்வீட்டுப் பெண்ணின் தாய் லட்டு டப்பாவோடு வந்தார். நல்ல மனுஷி, எங்கள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். அந்த அக்கறையோடுதான் சொன்னார்: “ஒண்ணே ஒண்ணுதானே, ரீவேல்யூவேஷன் கொடுங்க சேட்டா. சிலப்போ கிட்டும். நாப்பது நாப்பதாவே இருக்கட்டும்.” என் வாயில் ‘பார்க்கலாம்’ என்ற சொல் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. மகளின் பக்கம் திரும்பினேன்.

“கொடுக்கணுமா?” என்று கேட்டேன்.

“எழுதாத பக்கத்தை எப்படிப்பா திருத்துவாங்க?” என்றாள். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

பலகையே வேண்டாம், அல்லது முகமில்லாமல் எல்லோருக்கும் வாழ்த்து என்று மட்டும் போடுவோம் என்று தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீர் சொல்றது புரியறது ஓய். ஆனா மத்த மூணு கொழந்தைகள் ராப்பகலா படிச்சிருக்கு. உம்ம மனசு கஷ்டப்படறதுக்காக அதுகள் சந்தோஷத்தைக் கெடுக்கப்படாதோன்னோ?” அவர் சொன்னது நியாயம்தான். அச்சகத்தில் கூட்டம் நெரிந்தாலும் எங்களுக்கு மட்டும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று முகம் போட்ட வடிவம் ஏற்கெனவே தயாராக அந்தக் கணினியில் இருந்தது.

அச்சடிக்கச் சொல்வதற்கு முன் மகளிடம் கேட்டேன். “முப்பத்தொன்பதுன்னு போடச் சொல்லட்டுமா? ஒன்பது உன்னுடையதுல்ல.”

அவள் யோசித்தாள். “வேண்டாம்பா. மூணு முகத்துக்கு முப்பத்தொன்பதுன்னா எல்லாரும் நின்னு அந்த ஒன்பது யாருன்னு தேடுவாங்க.”

செயலாளர் என்ற முறையில் ஏணியில் ஏறி நான்தான் கட்டினேன். அவளை வரச் சொல்லவில்லை. வந்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

“எடப்பக்கம் தாந்திருக்கு. கொஞ்சம் ஏத்துங்க” என்றாள். ஏற்றினேன். “இப்போ எதிர்வீட்டுக்காரி கண்ணு கோணலா இருக்கு. சாரமில்ல, போகட்டும், அவ கண்ணே அப்படித்தான்” என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண், “கேட்டேடீ!” என்று கத்தினாள்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. ஏதோ பாடம் படித்துத் தெளிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவில்தான் சேர்ந்திருக்கிறாள். “உனக்கு அதுதான் வேணுமா?” என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் “சரிப்பா” என்றாள். அந்தச் சரியை என்னவென்று எடுத்துக்கொள்வது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறை கேட்டால் அதுவே ஒரு நெருக்கடியாகிவிடும் என்று பயமாகவும் இருக்கிறது. நுழைவுத்தேர்வு வகுப்பை மட்டும் நிறுத்திவிட்டோம். தினமும் காலையில் அவள் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள் என்று பார்த்து மனதில் குறித்துக்கொள்கிறேன். பள்ளிச் சீருடை தினமும் ஒரே நிறம்தான் என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

போன வாரம் இயற்பியலில் முதல் வகுப்புத் தேர்வு. மழையாக இருந்ததால் ஸ்கூட்டரில் அழைத்துவரப் போனேன். கையில் ஒன்றும் வாங்கிப் போகவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கரமனைப் பாலத்தில் வண்டிகள் நின்றன. பின்னாலிருந்து, “கேக்க மாட்டீங்களா?” என்றாள்.

“கேக்கட்டுமா?”

“கேளுங்க. கண்ணாடியில பாத்துச் சிரிக்காம கேளுங்க.”

எனக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “பரீட்சை எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“மோசம். ரெண்டு கேள்வி தெரியல. ஒண்ணு தெரிஞ்சும் தப்பாப் போட்டேன்” என்று தொடங்கினாள். எந்தக் கேள்வி, ஏன் தப்பு, பக்கத்தில் இருந்தவள் என்ன எழுதினாள், ஆசிரியர் நடுவில் தும்மியது என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி எனக்கு மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்திவிடுவாளோ என்று திரும்பக் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். மழைக்கு அதை மூடுவது அந்தப் பழைய ஃபிளெக்ஸால்தான். நான்கு முகமும் அதில் அப்படியே இருக்கின்றன. கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து இழுத்து மூடினேன். அவள் மறுமுனையைப் பிடித்து, காற்றில் தூக்காமலிருக்க ஒரு செங்கல்லை எடுத்து வைத்தாள்.